கீழிருந்து வெட்டப்படும் பத்திகள்

தமிழ் நாளிதழ்களின் வெளிநாட்டுப் பக்கம் எப்படித் தயாராகிறது என்று வாசிப்பவர்கள் பலருக்குத் தெரியாது. டெஹ்ரானில் நமக்கு நிருபர் கிடையாது. ராய்ட்டர்ஸ், ஏபி, ஏஎஃப்பி என்ற மூன்று சர்வதேசச் செய்தி ஏஜென்சிகளில் ஒன்று ஆங்கிலத்தில் அனுப்பியது நேராகவோ இந்திய ஏஜென்சியான பிடிஐ வழியாகவோ வந்து விழும். டெஸ்க்கில் இருக்கும் உதவி ஆசிரியர் அதைத் தமிழாக்கி, தலைப்பு வைத்து, பக்கத்தில் ஏற்றுவார். நானும் சில வருடங்கள் அந்த நாற்காலியில் உட்கார்ந்தவன்.

ராத்திரி ஒன்பதரைக்கு மேல் விளம்பரப் பிரிவிலிருந்து ஒரு கால் பக்கம் வந்து சேரும். அப்போது சீஃப் சப், அதாவது தலைமை உதவி ஆசிரியர், எட்டிப் பார்ப்பார்.

“தம்பி, ஈரான் மேட்டர்ல இருபது வரி குறைக்கணும்.”

“எதை எடுக்கறது சார்?”

“அடியிலேர்ந்து எடுப்பா. அங்க என்ன இருக்கப்போகுது, பழைய கதைதானே.”

அவர் சொன்னதில் தப்பில்லை. ஏஜென்சிக்காரர்கள் எழுதுவதே அப்படி வெட்டுவதற்கு வசதியாகத்தான். சூடானது மேலே இருக்கும், பின்னணி கீழே இருக்கும், எந்த ஊர் டெஸ்க்கிலும் கீழிருந்து நறுக்கிக்கொள்ளலாம். ஈரான் அணுசக்தி பற்றிய செய்திகளின் அடிப்பகுதியில் ஏறக்குறைய எப்போதும் ஒரே மாதிரியான சில வரிகள் இருக்கும். தனது திட்டம் அமைதிப் பயன்பாட்டுக்கே என்று ஈரான் கூறுகிறது. அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தத்தில் ஈரான் கையெழுத்திட்ட நாடு, இஸ்ரேல் கையெழுத்திடாத நாடு. இஸ்ரேலிடம் அணு ஆயுதம் இருப்பதாகப் பரவலாக நம்பப்படுகிறது, ஆனால் அந்நாடு அதை ஒப்புக்கொள்வதுமில்லை மறுப்பதுமில்லை. ஈரானின் அணுத் திட்டத்துக்கு வரம்பு வைத்த 2015 உடன்பாட்டிலிருந்து முதலில் வெளியேறியது அமெரிக்கா. இவை மொத்தமும் அந்த இருபது வரியில் போய்விடும். மறுநாள் காலை மதுரையிலோ திருநெல்வேலியிலோ டீக்கடையில் பேப்பர் விரிப்பவருக்கு மிஞ்சுவது “அணுகுண்டு தயாரிப்பில் ஈரான் தீவிரம்?” என்ற தலைப்பும், யாரோ ஒரு வாஷிங்டன் அதிகாரி சொன்ன நாலு வரியும். தலைப்பில் அந்தக் கேள்விக்குறியைப் போட்டதோடு எங்கள் நடுநிலை முடிந்துவிடும்.

இதில் பொய் சொன்னவர் யாருமில்லை. ஊடகச் சாய்வு என்றதும் ஏதோ அறையில் நாலு பேர் கூடிப் பொய் தயாரிப்பதாகக் கற்பனை செய்பவர்களோடு எனக்கு ஒத்துப்போகாததற்குக் காரணம் இதுதான். ஈரான் விஷயத்தில் அப்படியும் நடந்திருக்கிறது. 1953இல் ஈரானியப் பிரதமர் முகமது மொசாதக்கைக் கவிழ்த்தபோது டெஹ்ரான் பத்திரிகைகளில் கட்டுரைகளையும் கேலிச்சித்திரங்களையும் நுழைத்ததை அமெரிக்க உளவு அமைப்பான சிஐஏவின் உள்வரலாறே எழுதி வைத்திருக்கிறது. ஆனால் வழக்கமாக நடப்பது அதைவிட சாதாரணமானது. எது மேலே நிற்கிறது, எது அடியில் கிடக்கிறது, கதை எந்த வருடத்தில் தொடங்குகிறது என்பதுதான் விஷயம்.

வகுப்பில் வைத்துப் பாடமாகவே நடத்தக்கூடிய ஓர் உதாரணம் உண்டு. 1983 செப்டம்பர் 1 அன்று சோவியத் போர் விமானம் ஒன்று, வழிதவறி வந்த கொரியப் பயணிகள் விமானத்தைச் சுட்டு வீழ்த்தியது. 269 பேர் இறந்தார்கள். 1988 ஜூலை 3 அன்று பாரசீக வளைகுடாவில் வின்சென்ஸ் என்ற அமெரிக்கப் போர்க்கப்பல், பந்தர் அப்பாஸிலிருந்து துபாய்க்குப் புறப்பட்ட ஈரான் ஏர் 655 விமானத்தை வீழ்த்தியது. 290 பேர் இறந்தார்கள், அதில் 66 பேர் குழந்தைகள். முதல் சம்பவத்துக்கு நியூஸ்வீக் இதழின் அட்டை “வானத்தில் கொலை” என்றது. இரண்டாவதற்கு அதே இதழின் அட்டை “ஏன் நடந்தது?” என்றது. முதலாவதில் குற்றவாளி தயாராக நிற்கிறான். இரண்டாவதில் ராடார் திரையும், விநாடிக் கணக்கும், கேப்டனின் மன அழுத்தமும் அலசப்படுகின்றன. இரண்டு விமானங்களையும் அமெரிக்க ஊடகங்கள் எழுதிய விதத்தை ராபர்ட் என்ட்மன் என்ற ஆய்வாளர் 1991இல் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டார். முதலாவது அறம் பற்றிய கதையாகவும் அடுத்தது தொழில்நுட்பம் பற்றிய கதையாகவும் மாறியிருந்ததை அவர் காட்டினார். இன்றைக்கும் இதழியல் மாணவர்கள் அந்தக் கட்டுரையைப் படிக்கிறார்கள்.

முதல் நாள் பென்டகன் சொன்னது: விமானம் பயணிகள் பாதையைவிட்டு விலகி வந்தது, கப்பலை நோக்கி வேகமாகக் கீழிறங்கியது. இரண்டும் தவறு. விமானம் தன் பாதைக்குள்தான் இருந்தது, மேலேறிக்கொண்டுதான் இருந்தது. இதைக் கண்டுபிடித்துச் சொன்னது அமெரிக்கக் கடற்படையின் விசாரணைதான். கப்பல் அப்போது ஈரானின் கடல் எல்லைக்குள் இருந்தது என்ற உண்மையை முன்னாள் முப்படைத் தளபதி அட்மிரல் குரோவ் 1992இல்தான் தொலைக்காட்சியில் ஒப்புக்கொண்டார். இதற்கிடையே 1990இல் கப்பலின் கேப்டனுக்குப் பதக்கம் கிடைத்துவிட்டது. 1996இல் பலியானவர்களின் குடும்பங்களுக்கு 6 கோடியே 18 லட்சம் டாலர் தர அமெரிக்கா ஒப்புக்கொண்டது. தவறை ஏற்கவில்லை. முதல் நாள் கூற்று முதல் பக்கத்துக்கு வந்தது, திருத்தங்கள் வருடக்கணக்கில் தவணையாக உள்பக்கங்களுக்கு வந்தன. ஈரானியர்கள் ஏன் இவ்வளவு கோபமாக இருக்கிறார்கள் என்று வியக்கும் கட்டுரைகளில் இந்த விமானத்தைத் தேடிப் பாருங்கள். பெரும்பாலும் கிடைக்காது.

ஆனால் டெஹ்ரான் இதிலிருந்து கற்றுக்கொண்ட பாடம் வேறு. 2020 ஜனவரி 8 அதிகாலை, டெஹ்ரானிலிருந்து கிளம்பிய உக்ரைன் விமானத்தை ஈரானின் புரட்சிக் காவல்படை ஏவுகணையால் வீழ்த்தியது. 176 பேர் இறந்தனர், பெரும்பாலோர் ஈரானியர்கள் அல்லது ஈரானிய வம்சாவளியினர். மூன்று நாள் அரசுத் தொலைக்காட்சி இயந்திரக் கோளாறு என்று ஓதியது. ஏவுகணைதான் காரணம் என்றவர்களை எதிரியின் உளவியல் போர் நடத்துகிறவர்கள் என்று சாடியது. ஜனவரி 11 அன்று மனிதத் தவறு என்று ஒப்புக்கொண்டார்கள். 32 வருடம் முன்னால் அமெரிக்கா தனக்குச் சொல்லிக்கொண்ட அதே சமாதானம். அரசுத் தொலைக்காட்சியின் அறிவிப்பாளர்கள் சிலர் அப்போது வேலையை விட்டார்கள். பல வருடம் பொய் சொன்னதற்கு மன்னியுங்கள் என்று ஒருவர் இன்ஸ்டாகிராமில் எழுதினார். மேற்கத்திய ஊடகம் சாய்வானது, ஆகவே ஈரான் அரசின் ஆங்கிலச் சேனலான பிரஸ் டிவி உண்மை என்று வாட்ஸாப்பில் எனக்கு இணைப்பு அனுப்பும் நண்பர்களுக்கு நான் திருப்பி அனுப்புவது இந்த மூன்று நாள் கதையைத்தான்.

இனி அணு விவகாரம். பெரும்பாலான செய்திகளில் இந்தக் கதை 2002 ஆகஸ்டில் தொடங்கும். நத்தான்ஸிலும் அராக்கிலும் ரகசிய நிலையங்கள் இருப்பதாக ஓர் “ஈரானிய எதிர்ப்புக் குழு” அம்பலப்படுத்தியது என்று எழுதுவார்கள். அந்தக் குழு முஜாஹிதீன்-எ-கல்க் அமைப்பின் அரசியல் முகம் என்பதும், அந்த அமைப்பு 2012 வரை அமெரிக்காவின் பயங்கரவாதப் பட்டியலில் இருந்தது என்பதும் எப்போதாவதுதான் பக்கத்துக்கு வரும்.

கதையை 1957இல் தொடங்கிப் பாருங்கள். அமெரிக்க அதிபர் ஐசனோவரின் ‘அமைதிக்கு அணு’ திட்டத்தின் கீழ் அமெரிக்காவும் ஈரானும் அணுசக்தி ஒப்பந்தம் போட்ட வருடம் அது. 1967இல் இயங்கத் தொடங்கிய டெஹ்ரான் ஆராய்ச்சி உலையைத் தந்தது அமெரிக்கா. அதற்கு எரிபொருளாகக் கொடுத்தது ஆயுதத் தரத்துக்குச் செறிவூட்டிய யுரேனியம். 1970இல் பரவல் தடை ஒப்பந்தத்தை ஈரான் உறுதிசெய்தது. 1974இல் ஈரான் மன்னர் ஷா, 23,000 மெகாவாட் அணுமின்சாரம் என்று இலக்கு வைத்தார். புஷேரில் உலை கட்டும் ஒப்பந்தம் மேற்கு ஜெர்மனியின் கிராஃப்ட்வெர்க் யூனியனுக்குப் போனது. அந்த எழுபதுகளில் அமெரிக்காவின் நியூ இங்கிலாந்துப் பகுதி மின் நிறுவனங்கள் ஒரு விளம்பரம் வெளியிட்டன. ஷாவின் படத்தைப் பெரிதாகப் போட்டு, எண்ணெய்க் கடல் மேல் உட்கார்ந்திருக்கும் இவரே அணுமின் நிலையம் கட்டுகிறார், எண்ணெய் தீர்ந்துபோகும் என்று இவருக்குத் தெரியும், நமக்கு ஏன் தயக்கம் என்று கேட்டது அந்த விளம்பரம். முப்பது வருடம் கழித்து, எண்ணெயில் மிதக்கும் நாட்டுக்கு அணுமின்சாரம் எதற்கு என்று கேட்டவர் அமெரிக்கத் துணை அதிபர் டிக் செனி. ஷாவின் திட்டத்துக்கு ஆதரவு தந்த அதிபர் ஃபோர்டின் நிர்வாகத்தில் முக்கியப் பொறுப்பில் இருந்தவரும் அவரே. இந்தப் பழைய ஆவணங்களை வாஷிங்டன் போஸ்ட் 2005இல் தோண்டி எடுத்தபோது, ஃபோர்டு காலத்து வெளியுறவு அமைச்சர் கிசிஞ்சரிடம் கேட்டார்கள். அன்று அவர்கள் நட்பு நாடு, அது வியாபாரம் என்ற பொருளில் பதில் சொன்னார். மனிதர் மழுப்பவில்லை, அதையாவது சொல்ல வேண்டும்.

படங்களிலும் இந்தக் கூத்து உண்டு. 2025 ஜூன் வரை செறிவூட்டல் நடந்தது நத்தான்ஸிலும் ஃபோர்தோவிலும், பூமிக்கு அடியில். படம் பிடிக்க அங்கே ஒன்றுமில்லை. எனவே அணுகுண்டு அச்சம் பற்றிய செய்திக்கும் புஷேரின் குவிமாடத்தைப் போடுவார்கள். நானே எத்தனையோ தடவை ஏஜென்சிப் படங்களில் அதைப் பார்த்திருக்கிறேன். புஷேர் என்பது ரஷ்யா கட்டி முடித்து 2011இல் மின்தொகுப்பில் இணைத்த சாதாரண மின்நிலையம். நம் கூடங்குளத்தில் இருக்கும் அதே விவிஇஆர்-1000 குடும்ப உலை. இரண்டுக்கும் எரிபொருள் ரஷ்யாவிலிருந்து வருகிறது. புஷேரில் எரிந்து முடிந்தது ரஷ்யாவுக்கே திரும்பிப் போக வேண்டும் என்பது ஒப்பந்தம், கூடங்குளத்தில் எரிந்தது இங்கேயே இருக்கும். ஒரே மாதிரியான இரண்டு குவிமாடங்களில் ஒன்று உலக அச்சுறுத்தலின் சின்னம், மற்றது வளர்ச்சியின் சின்னம். இடிந்தகரையில் எதிர்த்துப் போராடியவர்களுக்குப் பின்னால் அமெரிக்கத் தொண்டு நிறுவனங்கள் இருப்பதாகப் பிரதமர் மன்மோகன் சிங் சொன்னதும் இந்தப் பட்டியலில் சேரும். பரவல் தடை ஒப்பந்தத்தில் கையெழுத்திடாமலேயே இருமுறை குண்டு வெடித்த நாடு நாம். அமெரிக்காவோடு அணுசக்தி உடன்பாட்டுக்குப் பேசிக்கொண்டிருந்த 2005 செப்டம்பரில், சர்வதேச அணுசக்தி முகமையில் ஈரானுக்கு எதிராக வாக்களித்தோம். நம் ஆங்கில நாளிதழ்கள் அதை அன்று ராஜதந்திர முதிர்ச்சி என்றோ அடிபணிதல் என்றோ பிரித்து எழுதின. ஈரானியருக்கு அது எப்படித் தெரிந்திருக்கும் என்று எழுதியதாக நினைவில்லை.

கெடு வைக்கும் செய்திகள் தனி ரகம். ஈரானின் குண்டு இறுதிக்கட்டத்தை எட்டுகிறது என்று மேற்கு ஜெர்மன் உளவுத்துறையை மேற்கோள் காட்டி ஜேன்ஸ் பாதுகாப்பு இதழ் எழுதியது 1984இல். மூன்று முதல் ஐந்து ஆண்டுகளில் ஈரான் திறன் பெற்றுவிடும் என்று இஸ்ரேலின் நெதன்யாகு சொன்னது 1992இல். அவர் ஐநா சபையில் குண்டுப் படம் வரைந்த அட்டையைத் தூக்கிப் பிடித்து சிவப்புக் கோடு போட்டது 2012இல். ஒவ்வொரு கெடுவும் புதுச் செய்தியாக வரும். கெடு கழிந்துபோனதை யாரும் செய்தியாகப் போட மாட்டார்கள், அது டெஸ்க்கின் இயல்பு. ஈரான் தன் ஆயுதத் திட்டத்தை 2003 இலையுதிர் காலத்தில் நிறுத்திவிட்டது என்று அமெரிக்க உளவு அமைப்புகள் ஒருமித்து 2007 டிசம்பரில் சொன்னது பெரிய செய்தியாகத்தான் வந்தது, ஆனால் சில மாதங்களில் மறந்துபோனது. 2025 மார்ச்சில் அமெரிக்க உளவு அமைப்புகளின் தலைவராக இருந்த துளசி கபார்ட் நாடாளுமன்றக் குழு முன் ஏறக்குறைய அதையே மறுபடியும் சொன்னார். ஜூனில் டிரம்ப்பிடம் நினைவூட்டியபோது, கபார்ட் என்ன சொன்னார் என்பதைப் பற்றிக் கவலையில்லை என்றார். அடுத்த சில நாளில் ஃபோர்தோ மீது அமெரிக்கக் குண்டுகள் விழுந்தன.

திருத்திக்கொண்டவர்களும் இருக்கிறார்கள். ஈரானின் திட்டத்துக்கு ராணுவ நோக்கம் இருப்பதாக சர்வதேச அணுசக்தி முகமை முடிவுசெய்துவிட்டது என்ற பொருளில் வந்த ஒரு வரி தவறு என்று, வாசகர் புகார்களை விசாரிக்கும் நியூயார்க் டைம்ஸின் வாசகர் ஆசிரியரே 2012 ஜனவரியில் எழுதினார். அதற்கு ஒரு மாதம் முன்பு வாஷிங்டன் போஸ்ட்டின் குறைகேள் ஆசிரியரும் தன் பத்திரிகையின் தலைப்பு ஒன்றைப் பற்றி இதேபோல் எழுதினார். அதே 2012 நவம்பரில், ஈரானியர் அணுகுண்டின் ஆற்றலைக் கணக்கிட்டதாக ஏபி ஒரு வரைபடம் வெளியிட்டது. ஈரானை எதிர்க்கும் ஒரு நாட்டின் அதிகாரிகள் கொடுத்தது என்று ஏபியே சொன்னது. அதில் இருந்த இரண்டு வளைகோடுகளும் ஒன்றோடொன்று பொருந்தவே இல்லை என்று இயற்பியலாளர்கள் ஓரிரு நாளில் காட்டினார்கள். இராக்கில் பேரழிவு ஆயுதம் இருப்பதாக எழுதியதற்கு 2004இல் வருத்தம் தெரிவித்த தொழிலில் எட்டு வருடம் கழித்து இது. இந்தத் திருத்தங்களில் ஒன்றுகூட எங்கள் பக்கத்துக்கு வந்ததில்லை, ஏஜென்சி அனுப்பாதது எங்களுக்கு நடக்காதது.

இவ்வளவும் சொல்லிவிட்டு மறுபக்கத்தை மூடினால் நானும் கீழிருந்து வெட்டுகிறவனாகிவிடுவேன். 2003க்கு முன் குண்டு செய்வதற்குப் பொருந்தும் வேலைகள் ஒருங்கிணைந்து நடந்தன என்று முகமை 2015 டிசம்பரில் முடிவாகச் சொன்னது. ஃபோர்தோவை ஈரான் தானாக முன்வந்து சொல்லவில்லை, 2009இல் பிறர் அறிவிக்கப்போகிறார்கள் என்று தெரிந்த பிறகே சொன்னது. மின்நிலையத்துக்கு ஐந்து சதவீதத்துக்கும் குறைவான செறிவூட்டல் போதும். 2021லிருந்து 60 சதவீதம்வரை செறிவூட்டி, 2025 ஜூனில் 440 கிலோவுக்கு மேல் சேர்த்து வைத்ததற்கு மின்சாரத்தைக் காரணம் காட்டுவது யார் காதில் பூச்சுற்றுவது? ஆனால் இதிலும் வரிசை முக்கியம். 2016 முதல் 2018 வரை ஈரான் வரம்புகளுக்குள் இருப்பதாக முகமை மூன்று மாதத்துக்கு ஒருமுறை அறிக்கை தந்துகொண்டிருந்தது. வாக்கைக் காப்பாற்றும் நாடு செய்தியாகாது. 2018 மே 8 அன்று அமெரிக்கா வெளியேறியது, ஒரு வருடம் பொறுத்துப் பார்த்து ஈரான் ஒவ்வொரு வரம்பாக மீறியது. மீறல்கள்தான் செய்தியாயின. மறுபடி வந்த தடைகளால் ஈரானில் அரிய நோய்களுக்கு மருந்து கிடைக்காமல் போனதை ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் 2019இல் எழுதியது. மருந்துக்குத் தடையில்லை என்பதுதான் அமெரிக்காவின் பதில். மருந்துக்குப் பணம் அனுப்ப எந்த வங்கியும் துணியாது என்ற அடுத்த வரி பல செய்திகளில் இல்லை.

உள்நாட்டு அரசியலில் ஆசை கண்ணை மறைத்த கதைகள் அதிகம். 2009 தேர்தல் போராட்டத்துக்கு ‘ட்விட்டர் புரட்சி’ என்று பெயர் வைத்தார்கள். அப்போது ஈரானுக்குள் ட்விட்டர் பயன்படுத்தியவர்கள் வெகு சிலர், ஆங்கிலத்தில் குவிந்த பதிவுகளில் பெரும்பகுதி வெளியே இருந்து வந்தவை. செய்தியாளர்களுக்கு விசா மறுத்து, இருப்பவர்களைச் சிறையில் போட்டு, நிலைமையை இப்படி ஆக்கியது ஈரான் அரசு என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். வாஷிங்டன் போஸ்ட்டின் டெஹ்ரான் நிருபர் ஜேசன் ரெசாயன் 544 நாள் சிறையில் இருந்தார். பெய்ரூட்டிலோ இஸ்தான்புல்லிலோ உட்கார்ந்து டெஹ்ரானை எழுதும் நிலையில், வெளிநாட்டில் வாழும் ஈரானியரின் கோபமும் ஏக்கமும் தகவலோடு கலந்துதான் வரும்.

2022 செப்டம்பரில், ஹிஜாப் ஒழுங்காக அணியவில்லை என்று பிடிக்கப்பட்ட மாஷா அமினி காவலில் இறந்து, நாடெங்கும் போராட்டம் வெடிக்கக் காரணமான செய்தியை வெளியே கொண்டுவந்தவர்கள் இரண்டு ஈரானியப் பெண் நிருபர்கள். ஷர்க் நாளிதழின் நீலூஃபர் ஹமேதி மருத்துவமனையிலிருந்து எழுதினார், ஹம்-மிஹன் நாளிதழின் எலாஹே முகமதி சக்கேஸில் நடந்த அடக்கத்துக்குப் போய் எழுதினார். இருவரும் ஓராண்டுக்கும் மேலாகச் சிறையில் கிடந்து 2024 ஜனவரியில் ஜாமீனில் வந்தார்கள். அவர்கள் உள்ளே இருந்த நவம்பரில்தான், 15,000 போராட்டக்காரர்களுக்கு ஈரான் மரண தண்டனை விதித்துவிட்டது என்ற செய்தி உலகம் சுற்றியது. நியூஸ்வீக் கட்டுரை ஒன்று அதற்குத் தீனி போட்டது. கனடா பிரதமர் ஜஸ்டின் ட்ரூடோவே ட்விட்டரில் போட்டுவிட்டுப் பிறகு நீக்கினார். நடந்தது இதுதான்: நாடாளுமன்ற உறுப்பினர்கள் 227 பேர் கடும் தண்டனை கேட்டு அறிக்கை விட்டார்கள், கைதானவர்களின் உத்தேச எண்ணிக்கை 15,000. இரண்டையும் யாரோ ஒட்டிவிட்டார்கள். ஈரான் அரசுக்கு இதைவிட நல்ல பரிசு கிடைத்திருக்காது. டிசம்பர் 8 அன்று மோசன் ஷெகாரி என்ற இளைஞரை உண்மையாகவே தூக்கிலிட்டபோது, இதுவும் வதந்தியா என்று கேட்டவர்களை நான் பார்த்தேன்.

நம் ஆட்களும் ஈரானில் இருக்கிறார்கள் என்பது எங்கள் வெளிநாட்டுப் பக்கத்துக்குத் தெரியாது. கன்னியாகுமரி, தூத்துக்குடி, ராமநாதபுரம் கடற்கரைகளிலிருந்து கூலிக்குப் போய் ஈரானியப் படகுகளில் வலை இழுப்பவர்கள். கொரோனா காலத்தில் பல மாதம் அங்கே மாட்டிக்கொண்டு, 2020 ஜூலை 1 அன்று ஐஎன்எஸ் ஜலஷ்வா கப்பலில் 687 இந்தியர்கள் தூத்துக்குடியில் வந்திறங்கியபோது, அந்தச் செய்தி மாவட்டப் பக்கத்தில் வந்தது. கிஷ் தீவில் தண்ணீருக்கும் அரிசிக்கும் பட்ட பாட்டை அவர்கள் படகிலிருந்து அனுப்பிய வாட்ஸாப் குரல்பதிவுகளாகத்தான் ஊர் கேட்டது. முதலாளி கூலி பாக்கி வைத்ததையும், பக்கத்துப் படகு ஈரானியர் சோறு பகிர்ந்ததையும் சொன்ன அந்தக் குரல்களில் யுரேனியம் என்ற பேச்சே கிடையாது.

படங்களின் கதையைச் சொல்லி முடிக்கிறேன். 2008 ஜூலையில் புரட்சிக் காவல்படை ஒரு படம் வெளியிட்டது: பாலைவனத்திலிருந்து நான்கு ஏவுகணைகள் ஒன்றாகக் கிளம்புகின்றன. ஏஎஃப்பி விநியோகித்தது, அமெரிக்காவின் பெரிய நாளிதழ்கள் சில முதல் பக்கத்தில் போட்டன. உண்மையில் கிளம்பியது மூன்று. கிளம்பாத ஒன்றை மறைத்து நான்காவதைக் கணினியில் ஒட்டியிருந்தார்கள். புகைச்சுருள்கள் ஒரே அச்சில் இருந்ததை வலைப்பதிவர்கள்தான் முதலில் கவனித்தார்கள். ஈரான் தன் பலத்தைக் காட்ட விரும்பியது, வெளியே இருந்தவர்கள் ஈரானின் ஆபத்தைக் காட்ட விரும்பினார்கள், இரு தரப்புக்கும் நான்கு ஏவுகணை வசதியாக இருந்தது.

2025 ஜூன் 23 அன்று இஸ்ரேல் டெஹ்ரானின் எவின் சிறையைத் தாக்கியது. ஹமேதியும் முகமதியும் உட்பட ஈரானின் எத்தனையோ எழுத்தாளர்களையும் நிருபர்களையும் அடைத்து வைத்த சிறை அது. வாயிற்கதவு வெடித்துச் சிதறும் கண்காணிப்புக் கேமரா காட்சி ஒன்று உடனே பரவியது. இஸ்ரேலின் வெளியுறவு அமைச்சர் அதை விடுதலை வாழ்க என்று எழுதிப் பகிர்ந்தார், ஊடகங்கள் ஒளிபரப்பின. தாக்குதல் உண்மை, அந்தக் காட்சி செயற்கை நுண்ணறிவால் செய்யப்பட்டது என்று ஆய்வாளர்கள் பிறகு சொன்னார்கள். பார்வையாளர் நேரத்தில் விழுந்த குண்டுகளால் 71 பேர் இறந்ததாக ஈரானிய நீதித்துறை முதலில் கணக்குச் சொன்னது. சிறை ஊழியர்கள், பார்க்க வந்த குடும்பத்தினர், கைதிகள், பக்கத்துத் தெருவாசிகள் அதில் இருந்தார்கள். பெண் கைதிகளை இன்னும் மோசமான கர்சக் சிறைக்கு மாற்றினார்கள். இஸ்ரேலோடு நடந்த அந்தப் பன்னிரண்டு நாள் போரின்போது சந்தேகத்தின் பேரில் 21,000 பேரைக் கைது செய்ததாக ஆகஸ்டில் ஓர் அறிவிப்பு வந்தது. இந்த எண்ணை எந்த எதிர்ப்புக் குழுவும் கசியவிடவில்லை, ஈரானியக் காவல்துறையின் செய்தித் தொடர்பாளரே சொன்னது.